வெளிநாடு செல்ல அனுமதி: ஆசிரியர் அறிய வேண்டியவை

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்ச் மாதம். என் பள்ளியில் பணியாற்றிய கணித ஆசிரியை ஒருவர் நான்கு பக்க விண்ணப்பம் ஒன்றை என் மேசையில் வைத்தார். சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு மே இரண்டாம் வாரத்தில் பிரசவம். தலைப்பிரசவம். "சார், கொஞ்சம் பார்த்து அனுப்பி வைங்க" என்றார். பார்க்கிறேன் என்றேன்.

பொதுத்தேர்வு நேரம். எங்கள் பள்ளி தேர்வு மையம் வேறு. அந்த விண்ணப்பம் வருகைப் பதிவேட்டுக்கு அடியில் பன்னிரண்டு நாள் கிடந்தது. ஒருவழியாக அனுப்பினேன். மேல் அலுவலகத்திலிருந்து ஒரு குறிப்போடு திரும்பி வந்தது: ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இல்லை என்ற சான்று இணைக்கப்படவில்லை. அந்தச் சான்றில் கையெழுத்திட வேண்டியவன் நான்தான். இணைத்து மீண்டும் அனுப்பி, ஆணை கைக்கு வந்தபோது பேரக்குழந்தைக்குப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. ஆசிரியை என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

அதன்பிறகுதான் இந்த நடைமுறைகளை உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். ஆசிரியர்களின் பிள்ளைகள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். துறையே ஆசிரியர்களையும் மாணவர்களையும் கல்விச் சுற்றுலாவாக வெளிநாடு அழைத்துச் செல்கிறது. இந்தக் கோப்பு இனி எல்லாப் பள்ளியிலும் வரும்.

ஒன்றல்ல, மூன்று

ஓய்வறையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு: "நான் என்.ஓ.சி. வாங்கிட்டேன், இனிமே எப்ப வேணாலும் போகலாம்." குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. வாங்கியது எதற்கான என்.ஓ.சி.? கடவுச்சீட்டு அலுவலகத்தில் காட்டுவதற்கான தடையின்மைச் சான்று ஒன்று. குறிப்பிட்ட நாட்டுக்குக் குறிப்பிட்ட நாள்களில் சென்று வர அனுமதிக்கும் ஆணை இன்னொன்று. அந்த நாள்களில் பள்ளிக்கு வராமலிருக்க விடுப்பு ஒப்பளிப்பு மூன்றாவது. மூன்றும் மூன்று காரியங்கள். ரேஷன் கார்டு கையில் இருப்பதும் அந்த மாத அரிசி வாங்கியதும் ஒன்றாகுமா?

தடையின்மைச் சான்று சொல்வது இவ்வளவுதான்: இவர் எங்கள் ஊழியர், இவர் கடவுச்சீட்டு பெறுவதில் எங்களுக்குத் தடை இல்லை. அதை வைத்துப் பெறும் கடவுச்சீட்டு பத்து ஆண்டு செல்லும். அந்தப் பத்து ஆண்டில் ஐந்து முறை பயணம் போனால் ஐந்து முறையும் தனித்தனியாக அனுமதி பெற வேண்டும்.

விடுப்பும் அனுமதியும் ஒன்றல்ல என்பது கோடை விடுமுறையில்தான் நன்றாகத் தெரியும். "மே மாசம் பள்ளிக்கூடமே இல்லையே, யாரிடம் எதைக் கேட்பது?" என்று பலர் நினைக்கிறார்கள். விடுமுறைக் காலத்தில் விடுப்பு விண்ணப்பம் தேவையில்லை என்பது சரி. ஆனால் நாட்டை விட்டு வெளியே செல்லும் அனுமதி அப்போதும் தேவை. தற்செயல் விடுப்பில் வெள்ளி, திங்கள் சேர்த்து நான்கு நாளில் கொழும்பு போய் வந்தாலும் அப்படியே. பயணம் எத்தனை நாள் என்பது இதில் கணக்கே இல்லை.

மருத்துவ விடுப்பில் போய் வருகிறவர்களும் உண்டு. அது எவ்வளவு பெரிய தவறு என்று அவர்களுக்குப் புரிவதில்லை. ஓய்வு தேவை என்று மருத்துவர் சான்றளித்த அதே நாள்களில் விமான நிலையத்தின் முத்திரை கடவுச்சீட்டில் விழுந்திருக்கும். அனுமதியின்றிச் சென்றதோடு பொய்க் காரணம் காட்டி விடுப்பு எடுத்த குற்றமும் சேர்ந்துகொள்ளும். ஒரு விளக்கக் கடிதத்தோடு முடிய வேண்டியது 17(பி) வரை போய்விடும்.

எது வெளிநாடு என்பதிலும் ஐயம் வரும். நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் இந்தியர் கடவுச்சீட்டு இல்லாமல் வாக்காளர் அடையாள அட்டையைக் காட்டியே போகலாம். அதனால் முக்திநாத் யாத்திரைக்குக் குழுவாகக் கிளம்பும் ஆசிரியர்கள் காசிக்குப் போவதுபோலவே நினைத்துக் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் நேபாளம் வேறு நாடு. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் சேவை தொடங்கியபோதும் இதே கேள்வி எழுந்தது. சில மணி நேரக் கடல் பயணம்தானே என்றார் ஒரு நண்பர். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு, 1974ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, இந்தியப் பக்தர்களுக்குக் கடவுச்சீட்டோ விசாவோ தேவையில்லை. என்றாலும் அது இலங்கை மண். கடவுச்சீட்டு வேண்டாம் என்று ஒரு நாடு சொன்னால், அது அந்த நாட்டின் சலுகை. நம் துறையின் அனுமதிக்கு அது ஈடாகாது. போகும் முன் எழுத்தில் கேட்டுவிடுவதே நல்லது.

கடவுச்சீட்டு எடுக்கும்போது

அரசுப் பணியில் இருப்பவர் சாதாரணக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, பணியோடு தொடர்புடைய மூன்று ஆவணங்களில் ஒன்றைத் தர வேண்டும். முதலாவது, அலுவலகம் பொறுப்பேற்று வழங்கும் அடையாளச் சான்று. இரண்டாவது, தடையின்மைச் சான்று. கடவுச்சீட்டு விதிகளின் படிவங்களில் இது இணைப்பு ஜி. மூன்றாவதை நம்மில் பலர் அறிவதில்லை. அது முன்னறிவிப்புக் கடிதம், இணைப்பு எச்.

முன்னறிவிப்புக் கடிதம் யாரும் நமக்குத் தரும் சான்று அல்ல. நாம் எழுதுவது. "நான் சாதாரணக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன்" என்று கட்டுப்பாட்டு அலுவலருக்கு உரிய படிவத்தில் தெரிவித்து, அதன் நகலைக் கடவுச்சீட்டு விண்ணப்பத்தோடு வைப்பது. துறைக்கு மறுப்பு இருந்தால் அது கடவுச்சீட்டு அலுவலகத்துக்குத் தெரிவிக்கும். தடையின்மைச் சான்றுக்காக மாதக்கணக்கில் ஊழியர்கள் காத்திருந்த நிலையை மாற்றவே இந்த வழி ஏற்பட்டது. ஆனால் கடிதத்தை எழுதி நகலை மட்டும் வைத்துக்கொண்டு, மூலத்தை அலுவலகத்தில் சேர்க்காமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்ட கையொப்பமும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கேள்வி வந்தால் அந்த ஒரு தாள்தான் பேசும்.

இன்னொரு ஆபத்தைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். கடவுச்சீட்டு விண்ணப்பத்தை நிரப்பித் தரும் சில முகவர்கள், "கவர்மெண்ட்னு போட்டா பேப்பர் கேப்பாங்க சார், பிரைவேட்னு போட்டுடலாம்" என்று யோசனை சொல்கிறார்கள். அதை நம்பி வேலை விவரத்தில் தனியார் என்றோ இல்லத்தரசி என்றோ போட்டவர்களை நான் அறிவேன். 1967ஆம் ஆண்டு கடவுச்சீட்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, தெரிந்தே தவறான தகவல் தருவதைக் குற்றம் என்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விவரத்தை மறைத்துப் பெற்ற கடவுச்சீட்டை முடக்கவும் 10ஆம் பிரிவு இடம் தருகிறது. ஒரு கையெழுத்துக்கு அலைவதற்குச் சோம்பி, விண்ணப்பத்தின் கீழே இருக்கும் உறுதிமொழியில் பொய்க்குக் கையெழுத்திடுகிறோம். எந்த ஆசிரியருக்கும் இது அழகல்ல.

பணியில் சேரும் முன்பே, கல்லூரி நாள்களில் கடவுச்சீட்டு எடுத்தவர்கள் அதைத் துறைக்குத் தெரிவித்துவிட வேண்டும். எண்ணும் செல்லுபடிக் காலமும் அலுவலகப் பதிவில் இருப்பது பின்னால் அனுமதிக் கோப்பை எளிதாக்கும். புதுப்பிக்கும்போது மீண்டும் மேலே சொன்ன மூன்றில் ஒன்று தேவைப்படும். பல நாடுகள் உள்ளே விடுவதற்குக் கடவுச்சீட்டில் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடிக் காலம் இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. பயணத் தேதி குறிக்கும் முன் செல்லுபடிக் காலத்தையும் ஒருமுறை பாருங்கள்.

குற்ற வழக்கு ஏதேனும் இந்திய நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால், கடவுச்சீட்டை மறுக்க 6ஆம் பிரிவில் இடம் உண்டு. அதோடு கதவு அடைபட்டுவிடாது. 1993ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி, வழக்கு நடக்கும் நீதிமன்றத்திலேயே அனுமதி பெற்று வந்தால் அந்த நீதிமன்றம் குறிப்பிடும் காலத்துக்குக் கடவுச்சீட்டு வழங்கப்படும். நீதிமன்றம் காலம் எதையும் குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்கு.

அனுமதிக் கோப்பு

இனி பயண அனுமதி. தொடக்கப் பள்ளி ஆசிரியரின் விண்ணப்பம் தலைமை ஆசிரியர், வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர் என்று ஏறும். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியரிடமிருந்து மாவட்ட அலுவலகம் வழியாகப் போகும். உதவிபெறும் பள்ளியில் முதலில் பள்ளிச் செயலர். ஆணையிடும் அதிகாரம் பதவிக்கு ஏற்ப மாறும் என்பதால், விண்ணப்பத்தை யாருக்கு முகவரியிட வேண்டும் என்று நடப்பு ஆணையைப் பார்த்து அலுவலகப் பிரிவில் கேட்டு எழுதுங்கள். நண்பர் மூன்று ஆண்டுக்கு முன் அனுப்பியதன் நகலைப் பார்த்து எழுதினால், பதவிப் பெயரே மாறியிருக்கும். அதற்காகவே ஒரு கோப்பு திரும்பும்.

கோப்பில் என்ன இருக்க வேண்டும் என்பதைவிட, அது ஏன் கேட்கப்படுகிறது என்று தெரிந்தால் எதையும் விடமாட்டோம். எந்த நாடு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன நோக்கம் ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும், ஏனெனில் ஆணை அந்த நாட்டுக்கும் அந்தத் தேதிகளுக்கும்தான் செல்லும். சிங்கப்பூர் என்று அனுமதி வாங்கிவிட்டு, அங்கிருந்து பேருந்தில் ஜொகூர் பாலத்தைத் தாண்டி மலேசியாவைப் பார்த்துவிட்டு வருவது அனுமதி மீறல்தான். இடையில் இன்னொரு நாட்டில் தங்கும் எண்ணம் இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள்.

செலவு யாருடையது என்பது அடுத்த முக்கியமான வரி. சொந்தச் சேமிப்பா, மகனோ மகளோ செலவழிக்கிறார்களா, வெளி அமைப்பு ஏதேனும் தருகிறதா? மகள் என்றால் உறவுமுறை, அவருடைய வேலை, அங்குள்ள முகவரி ஆகியவற்றோடு அவருடைய அழைப்புக் கடிதத்தையும் இணைப்பது வழக்கம். நடத்தை விதிகளின்படி அரசு ஊழியரின் வரவும் செலவும் கணக்குக் காட்டத் தக்கதாக இருக்க வேண்டும். அதன் நீட்சிதான் இந்தக் கேள்வி. நம்மைச் சந்தேகிக்கிறார்கள் என்று கோபப்பட வேண்டியதில்லை.

கடவுச்சீட்டு நகல், விடுப்பு விண்ணப்பம், விடுப்பு இருப்பு விவரம் ஆகியவையும் வேண்டும். நமக்குக் கோடை விடுமுறை இருப்பதால் ஈட்டிய விடுப்பு மற்றத் துறையினரைவிடக் குறைவாகவே சேர்கிறது. நீண்ட பயணம் என்றால் எந்த விடுப்பு, எத்தனை நாள், முன்னும் பின்னும் வரும் விடுமுறை நாள்களை எப்படிச் சேர்ப்பது என்று முன்பே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கமாட்டேன், அங்கே வேலை எதிலும் சேரமாட்டேன் என்ற உறுதிமொழியும் கேட்கப்படும்.

ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இல்லை, தண்டனைக் காலம் எதுவும் நடப்பில் இல்லை என்ற சான்றுதான் என் பள்ளிக் கோப்பில் விடுபட்டது. இது விண்ணப்பதாரர் தர வேண்டியதன்று. மேலொப்பமிடும் அலுவலர் தருவது. அதனாலேயே இது விடுபடுகிறது. ஆசிரியர் எல்லாவற்றையும் இணைத்துவிட்டதாக நினைக்கிறார். தலைமை ஆசிரியரோ ஆசிரியர் கொடுத்ததை அப்படியே அனுப்புகிறார். விண்ணப்பம் கொடுக்கும்போதே சான்றின் வரைவையும் தட்டச்சு செய்து கையெழுத்துக்கு வைத்துவிடுங்கள். தலைமை ஆசிரியர் எவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். நன்றி சொல்வார்.

நான் பார்த்த வரையில் யாரும் கேட்காத, ஆனால் கோப்புக்கு வலுச் சேர்க்கும் தாள் ஒன்று உண்டு. பள்ளி வேலை நாளில் பயணம் என்றால், தம் வகுப்புகளை யார் எடுப்பார், எந்தப் பாடம் வரை முடித்திருப்பேன் என்று அரைப் பக்கம் எழுதி, பொறுப்பேற்கும் ஆசிரியரின் ஒப்பத்தோடு வைப்பது. அலுவலரின் மனதில் முதலில் எழும் கேள்வி "பிள்ளைகள் பாடம் என்ன ஆவது?" என்பதுதான். அதற்கான விடை கோப்பிலேயே இருந்தால் பரிந்துரை எழுதுவது எளிது.

பயணச்சீட்டு விஷயத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. முன்கூட்டி வாங்கினால் விலை குறைவு. ஆணை வராமல் வாங்கினால் பணம் போகலாம். இதில் என் யோசனை: ரத்து செய்தால் பணம் திரும்பாத சீட்டை ஆணைக்கு முன் வாங்காதீர்கள். "டிக்கெட் எடுத்துட்டேன் சார்" என்பதை அலுவலகத்தில் ஒரு காரணமாகச் சொல்லவே சொல்லாதீர்கள். முடிவைக் கையில் திணிப்பதாக அலுவலர் நினைப்பார். விசாவுக்கும் இந்த ஆணை உதவும். பணியளிப்பவரின் கடிதத்தையும் விடுப்பு ஒப்பளிப்பையும் கேட்கும் தூதரகங்கள் உண்டு.

எத்தனை நாளுக்கு முன் விண்ணப்பிப்பது? பின்னாலிருந்து எண்ணுங்கள். விசாவுக்கு ஒரு மாதம், கோப்பு ஒருமுறை திரும்பி வரும் என்று வைத்துக்கொண்டு இரண்டு மாதம். மே மாதப் பயணத்துக்குப் பொங்கல் விடுமுறை முடிந்ததும் எழுதினால் நிம்மதியாக இருக்கலாம். மார்ச்சில் எழுதினால் தேர்வுப் பணிகளுக்கு நடுவே அது என் மேசையைப் போன்ற ஒரு மேசையில் மாட்டிக்கொள்ளும்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு 2015இல் வந்த ஒரு குறிப்பாணை, வெளிநாட்டுப் பயண விண்ணப்பத்தின் மீது 21 நாளுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காவிட்டால் அனுமதி கிடைத்ததாக ஊழியர் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது மத்திய அரசுப் பணியாளருக்கானது. நம் ஆசிரியர் சிலர் இதைச் செய்தித்தாளில் படித்துவிட்டு, "21 நாள் ஆச்சு, பதில் இல்லை, கிளம்பலாம்" என்று முடிவு செய்வது ஆபத்து. நமக்கு ஆணை கையில் இருக்க வேண்டும்.

மேசைக்கு இந்தப் பக்கம்

இதுவரை விண்ணப்பிப்பவரிடம் பேசினேன். இனி தலைமை ஆசிரியர்களிடம், என்னைப் போன்றவர்களிடம்.

வெளிநாடு செல்வது துறை இரக்கப்பட்டுத் தரும் சலுகை என்ற எண்ணம் அலுவலகங்களில் உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1967இல் சத்வந்த் சிங் சானி வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளிநாடு செல்லும் உரிமை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவிலுள்ள தனிமனித விடுதலையில் அடங்கும் என்றது. அதுவரை கடவுச்சீட்டு தருவதும் மறுப்பதும் அரசின் விருப்பமாகவே இருந்தது. அதை முறைப்படுத்தச் சட்டமே இல்லை. அந்தத் தீர்ப்புக்குப் பின்னரே, அதே ஆண்டில், கடவுச்சீட்டுச் சட்டம் பிறந்தது. பிறகு 1977இல் பத்திரிகையாளராக இருந்த மேனகா காந்தியின் கடவுச்சீட்டைப் பொதுநலன் கருதி முடக்குவதாக அரசு அறிவித்தது. காரணத்தைச் சொல்ல மறுத்தது. 1978 ஜனவரியில் வந்த தீர்ப்பு, ஒருவரின் உரிமையைக் கட்டுப்படுத்தும் நடைமுறை சட்டத்தில் எழுதியிருந்தால் மட்டும் போதாது, அது நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று நிலைநாட்டியது. சமூக அறிவியல் ஆசிரியர்கள் அடிப்படை உரிமைகள் பாடம் நடத்தும்போது சொல்லலாம். ஒரு கடவுச்சீட்டுக்காகத் தொடுத்த வழக்கு, 21ஆவது பிரிவைப் படிக்கும் முறையையே மாற்றிவிட்டது.

நமக்கு இன்னும் நெருக்கமானது 2019இல் வந்த சதீஷ் சந்திர வர்மா வழக்கு. கோவையில் பணியாற்றிய காவல் பணி உயர் அதிகாரி அவர். உறவினரைக் காண வெளிநாடு செல்ல அனுமதி கேட்டார். துறை நடவடிக்கை நிலுவையில் இருக்கிறது என்று மறுக்கப்பட்டது. தீர்ப்பாயத்திலும் சென்னை உயர் நீதிமன்றத்திலும் அவருக்குச் சாதகமான முடிவு கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. குடும்பத்தையும் நட்பையும் நாடிச் செல்லும் உரிமை மனித வாழ்வின் அடிப்படையானது என்றும், துறை நடவடிக்கை நிலுவையில் இருப்பதை மட்டும் காட்டிப் பயணத்தைத் தடுக்க முடியாது என்றும் கூறியது.

ஆகவே, நடவடிக்கை நிலுவையில் உள்ள ஆசிரியரின் விண்ணப்பத்தைத் தலைமை ஆசிரியர் தம் மேசையிலேயே நிறுத்திவிடக் கூடாது. நிலுவை விவரத்தை மறைக்காமல் எழுதி மேலே அனுப்ப வேண்டும். முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாத இடத்தில் கோப்பு தங்குவது, அதிகாரமின்றி மறுப்பதற்குச் சமம். இந்த வழக்கை முன்பே அறிந்திருந்தால் நான் அந்தப் பன்னிரண்டு நாளைப் போக்கியிருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் எனக்குக் குறைவாக இருந்தது சட்ட அறிவன்று, கவனம். அதன்பின் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டேன். விண்ணப்பம் வந்த நாள், அனுப்பிய நாள், திரும்பிய நாள், காரணம். நான்கே கட்டங்கள். நோட்டு இருந்த பிறகு எந்த விண்ணப்பமும் மூன்றாவது நாளைத் தாண்டவில்லை.

வெளிநாட்டு அமைப்பு செலவை ஏற்கும்போது

ஆசிரியர்களுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் அறக்கட்டளைகளும் நடத்தும் பயிற்சிகள் பெருகியிருக்கின்றன. விமானக் கட்டணம், தங்குமிடம், உணவு எல்லாம் அவர்களே தருவார்கள். தேர்வானதும் பள்ளியில் மாலை போட்டுப் படம் எடுத்துவிடுகிறோம். அதோடு ஒரு சட்டக் கடமையும் வருகிறது. 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, அரசு ஊழியர் வெளிநாட்டில் இருக்கும்போது வெளிநாட்டு மூலத்திலிருந்து விருந்தோம்பலைப் பெற மத்திய அரசின் முன் அனுமதி தேவை. உள்துறை அமைச்சகத்துக்கு இணையவழியில், படிவம் எஃப்.சி.-2இல், பயணத்துக்கு இரண்டு வாரமாவது முன்பாக விண்ணப்பிக்க வேண்டும். துறையின் பயண அனுமதி இதற்கு மாற்றாகாது.

விருந்தோம்பல் என்றதும் ஒரு நேரச் சாப்பாடோ தேநீரோ கொடுத்தால் கூடக் குற்றமா என்று பயப்பட வேண்டாம். தற்செயலாகத் தருவதைச் சட்டமே விலக்கிவிடுகிறது. பயணச் செலவு, இலவசத் தங்குமிடம், உணவு, போக்குவரத்து, மருத்துவம் ஆகியவற்றைத்தான் அது குறிக்கிறது. வெளிநாட்டில் திடீரென நோயுற்று அவசரச் சிகிச்சை பெற நேர்ந்தால் முன் அனுமதி தேவையில்லை, பின்னர் தெரிவித்தால் போதும். ஐக்கிய நாடுகள் அவையும் அதன் சிறப்பு முகமைகளும் 'வெளிநாட்டு மூலம்' என்ற வரையறைக்குள் வருவதில்லை. யுனெஸ்கோ அழைத்தால் 6ஆம் பிரிவுச் சிக்கல் இல்லை, ஆனால் துறை அனுமதி அப்போதும் உண்டு.

துறையே தேர்ந்தெடுத்து அழைத்துச் செல்லும் கல்விச் சுற்றுலா வேறு வகை. அனுமதிக்கான ஆணையை அரசே பிறப்பிக்கும், ஆசிரியர் தனியாக அலைய வேண்டியதில்லை. அரசு அலுவலுக்கென வழங்கும் அலுவல்முறைக் கடவுச்சீட்டு வெள்ளை நிறம். தூதரக அதிகாரிகளுக்கானது அரக்குச் சிவப்பு. நம் கையில் பெரும்பாலும் இருப்பது கருநீலச் சாதாரணக் கடவுச்சீட்டு. வெள்ளை நிறக் கடவுச்சீட்டு எப்போதாவது வழங்கப்பட்டால் அதைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. இத்தகைய சுற்றுலாக்களில் பட்டியல் வெளியான பிறகு கடவுச்சீட்டுக்கு ஓடுவது பெரிய அவதி. போட்டிகளுக்கு மாணவர்களைத் தயாரிக்கும் ஆசிரியர்கள், கடவுச்சீட்டை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாணவருக்கும் பெற்றோரிடம் சொல்லி எடுக்கச் செய்யுங்கள். பெயர் எழுத்தில் பிறப்புச் சான்றுக்கும் ஆதாருக்கும் உள்ள வேறுபாட்டைச் சரிசெய்யவே பல வாரங்கள் ஆகும்.

எதிர்பாராதது நேர்ந்தால்

துபாயில் வேலை செய்யும் மகனுக்கு விபத்து என்று இரவு பத்து மணிக்குத் தொலைபேசி வருகிறது. பொங்கலுக்கே விண்ணப்பித்திருக்க வேண்டும் என்று அப்போது யாரும் சொல்ல முடியாது. உடனே அன்றிரவே தலைமை ஆசிரியருக்கும் மேல் அலுவலருக்கும் காரணத்தையும் செல்ல வேண்டிய நாளையும் எழுதி மின்னஞ்சல் அனுப்பி, தொலைபேசியிலும் பேசுங்கள். மருத்துவமனைக் கடிதமோ அங்குள்ள நிறுவனத்தின் தகவலோ கிடைத்ததும் சேர்த்து அனுப்புங்கள். காலையில் குடும்பத்தில் ஒருவர் கோப்பைக் கையிலேயே எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அலுவலகமாகப் போகட்டும். இப்படி வந்த கோப்பை ஒரே நாளில் முடித்துக் கொடுத்த அலுவலர்களை நான் பார்த்திருக்கிறேன். மனிதர்கள்தானே எங்கும் இருக்கிறார்கள். ஒரு வரிகூட எழுதாமல் விமானம் ஏறிவிட்டு, போன பிறகு வாட்ஸ்அப்பில் சொல்வதுதான் பின்னால் யாராலும் காப்பாற்ற முடியாத நிலைக்குக் கொண்டுபோகும்.

அங்கே போன பின் தங்க வேண்டிய நாள் கூடினால், அனுமதித்த காலம் முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு எழுத வேண்டும். முடிந்த பிறகு எழுதினால் இடைப்பட்ட நாள்கள் அனுமதியின்றி வராத நாள்களாகிவிடும். ஊதியம் மட்டுமல்ல, பணிக்கால கணக்கும் பாதிக்கப்படலாம்.

திரும்பி வந்த அன்று பணியேற்பு அறிக்கை கொடுங்கள். அதில் புறப்பட்ட நாளையும் நாடு திரும்பிய நாளையும் குறிப்பிட்டு, கடவுச்சீட்டில் முத்திரை விழுந்த பக்கத்தின் நகலை இணைத்துவிடுங்கள். அனுமதி ஆணையின் எண்ணும் நாளும் பணிப்பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று அடுத்த வாரம் ஒருமுறை பாருங்கள். விடுப்புக் கணக்கில் அந்த நாள்கள் சரியாகக் கழிக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஓய்வூதியக் கருத்துரு தயாராகும் ஆண்டில், எட்டு ஆண்டுக்கு முன் போன பயணத்தின் ஆணையைத் தேடி அலமாரி அலமாரியாக அலைந்தவர் ஒருவர் கடைசியில் அதைக் கண்டெடுத்தது, தம் வீட்டில், பழைய பயணப்பையின் உள்பையில்.